ஒரே வயிற்றில் மூன்று நிறம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பாட்டிகள் பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்தே, "இது மாநிறம்தான்" என்று சொல்லிவிடுவார்கள். பிறக்கும்போது வெளுப்பாகத் தெரியும் தோல், மெலனின் சுரப்பு கூடக் கூடச் சில மாதங்களில் தன் நிறத்துக்கு வந்துவிடும். சரி, மூத்தவள் கருப்பு, அடுத்தவன் மாநிறம், கடைக்குட்டி சிவப்பு என்று ஒரே வயிற்றில் மூன்று நிறம் எப்படி வருகிறது?

மெலனினை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் நிறமித் துகள்களின் அளவிலும் அடர்த்தியிலும்தான் வேறுபாடு. இதைத் தீர்மானிக்கும் பல மரபணுக்களில் முக்கியமானது எஸ்எல்சி24ஏ5. வரிகள் வெளிறிப்போன வரிக்குதிரை மீன்களை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், மனித நிறத்தில் இதற்குள்ள பங்கை 2005இல் வெளியிட்டார்கள். இதன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. தாய், தந்தை இருவரிடமும் இந்த மரபணுவின் மாறிய பிரதி ஒன்றும் மாறாதது ஒன்றும் இருந்தால், பிள்ளைக்கு மாறிய பிரதி இரண்டும் வரலாம், ஒன்று வரலாம், வராமலும் போகலாம்.

ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. தென்னிந்தியர் 1,228 பேரின் தோல் நிறத்தை அளந்ததில், அவர்களுக்குள் இருந்த வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்துக்கு இந்த ஓரெழுத்து மாற்றமே காரணமாக இருந்தது. ஐரோப்பியரிடம் இருப்பதும் இதே மாற்றம்தான். இருவருக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது. அந்த ஆய்வின் கணிப்பில் அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள். நெல் சாகுபடிக்கும் சாதிக்கும் மூத்தது. ஆகவே நிறத்தை வைத்து ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்ல முடியாது.

வட இந்தியாவில் இந்த மாற்றத்தை இயற்கை தேர்ந்தெடுத்ததற்குத் தடயம் உண்டு, தென்னிந்தியாவில் இல்லை. பூமத்திய ரேகைக்குச் சுமார் 11 பாகை வடக்கே இருக்கும் தஞ்சை டெல்டாவின் வெயிலுக்குக் கருப்புத் தோலே காவல். கருவின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் சத்தைப் புற ஊதாக் கதிர் சிதைக்காமல் அது காக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

குறுவை நடவில் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு குனியும் பெண்களுக்கும் புறங்கை கறுத்துவிடும். கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவைத் தாக்கியதும் மெலனின் கூடுகிறது. செல்லின் உட்கருவுக்கு மேல் அது குடைபோலக் கவிகிறது. இந்தக் கருமை கருமுட்டையைத் தொடுவதில்லை, பிள்ளைக்குப் போகாது.

பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் குங்குமப்பூப் பாலும் அப்படித்தான். எந்தப் பிரதி பிள்ளைக்கு என்பது கரு உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. அந்தக் காசுக்குக் கீரையும் முட்டையும் வாங்கிக் கொடுத்தால் தாயின் உடம்பிலாவது ஒட்டும்.