வாய்ப்புற்றுநோயும் வைரஸ் கிருமியும்

நெசவாளருக்குத் தறியும் உழவருக்கு நிலமும் முதல் என்பர். அவ்விரண்டையும் இயக்கும் உடலே முதலுக்கெல்லாம் முதல் என்போம் நாம். அவ்வுடலை அரிக்கும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன சில உள.

பெண்களின் கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோய்க்குப் பாப்பிலோமா என்னும் வைரஸ் காரணமென்று காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 1983ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் இவ்வைரஸின் 16ஆம் வகையைக் கண்டறிந்தனர். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வகை, டான்சில் சதையிலும் நாவின் அடிப்பகுதியிலும் புற்றை உண்டாக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நம் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகாதபடி காக்கும் புரதங்கள் உண்டு. வைரஸ், அக்காவலைச் செயலிழக்கச் செய்கிறது. தொற்றியவர்களுள் பெரும்பாலோரின் உடல் அதனைத் தானே ஒழித்துவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாக மாறுகிறது. பெரும்பாலும் உடலுறவினால் பரவுவதேயன்றி, ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்வதால் இது பரவாது. ஆகவே நோயுற்றவரை ஒதுக்குதல் அறியாமை.

"கிருமியே காரணமெனில் புகையிலையை ஏன் பழிக்க வேண்டும்?" எனச் சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் டான்சில், நாவடி முதலிய பகுதிகளில் தோன்றும் புற்றில் நூற்றுக்குச் சுமார் 70 இவ்வைரஸோடு தொடர்புடையது. நம் நாட்டில் மிகுதியாகக் காணும் கன்னப் புற்றுக்கும் ஈற்றுப் புற்றுக்கும் புகையிலையும் பாக்குமே முதற் காரணங்கள். மதுவும் துணை செய்யும். புகையிலை கலவாத தாம்பூலமும், ஏன், பாக்கு ஒன்றுமேகூடப் புற்று விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது.

கொடிக்காலும் பாக்குத் தோப்பும் புகையிலைக் கொல்லையும் நம்மவர் பலருக்குச் சோறிடுகின்றன என்பதை நாம் மறக்கவில்லை. மாற்றுப் பயிருக்கு வழிதேடுதல் ஒருநாளில் முடிவதன்று. ஆயினும் விளைச்சலை விற்கும் கையே அதனை வாயிலிட்டு அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாமை, விழுங்குவதில் தொல்லை, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரிடம் காட்டுக. கேரளத்தில் 1996இல் தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். அதனால் புகையிலை, மது பழகியோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் குறைந்தன என்று 2005இல் அறிவிக்கப்பட்டது. கண்ணும் வெளிச்சமும் இருந்தால் செய்யக்கூடிய சோதனை இது.

வைரஸைத் தடுக்க ஊசியும் உண்டு. தொற்று ஏற்படுமுன், பெண்மக்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் இடுவது நலம். ஊசி வைரஸை மட்டுமே தடுக்கும். பாக்கையும் புகையிலையையும் நாமேதான் தடுக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுதல், பாவில் அறுந்த இழைகளுள் ஒன்றை மட்டும் முடிந்து நெய்வதற்கு ஒப்பாகும்.