காய்ச்சலோடு வரும் பிள்ளை

மாரி கடுத்தால் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறும். நற்பிட்டிமுனைப் பக்கமிருந்து நாவிதன்வெளிக்குப் படிப்பிக்க வரும் ஆசிரியர்கள், கல்முனைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்றிலிருந்து பெரும்பாடு. பத்திரிகையில் படம் வரும். வெள்ளம் வடிந்த பிறகு வகுப்பறைக்குள் நடப்பதைத்தான் யாரும் படம் பிடிப்பதில்லை.

மலசலகூடக் குழியையும் கிணற்றையும் வெள்ளம் ஒன்றாக்கிவிட்டுப் போகிறது. வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் வரும் வழி அதுதான். ஏ வகைச் செங்கண்மாரியில் கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மலத்தோடு கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். மஞ்சள் கண்ட பிள்ளையை வீட்டில் நிறுத்தும்போது கிருமி பக்கத்து வாங்கிற்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மலசலகூட வாசலில் ஓடும் தண்ணீரும் ஒரு கட்டிச் சவர்க்காரமும்தான் அங்கே காவல். கொரோனாக் காலத்தில் கட்டிய கைகழுவும் தொட்டிகளில் இன்று எத்தனையில் தண்ணீர் வருகிறது? பெற்றோர் ஒருநாள் போய்த் திருகிப் பார்க்கலாம்.

டெங்கு வேறு கணக்கு. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பிடித்து, 400க்கும் அதிகமானோரைக் கொண்டுபோன காய்ச்சல் அது. அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. காலையும் பின்னேரமும் அதற்கு வாய்ப்பான நேரம். முதற்பாட மணி அடிக்கும் நேரமும் அதுதான். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தவணை விடுமுறை மாரியோடு சேர்ந்து வந்தால், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கிடக்கும் யோகட் கோப்பை, இலை அடைத்த கூரைப் பீலி, கவிழ்க்காமல் விட்ட வாளி எல்லாவற்றிலும் குஞ்சு பொரித்து முடிந்திருக்கும். பாடசாலை தொடங்கும் நாளுக்கு முதல்நாள் சிரமதானம் செய்தால் குப்பை போகும். பறக்கத் தொடங்கிய நுளம்பு போகாது. விடுமுறையிலும் வாரம் ஒருமுறை வளவைச் சுற்றி வர ஆள் வேண்டும்.

தடுப்பூசியில் இலங்கை பெயர் வாங்கிய நாடு. சின்னமுத்தை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் கைக்குழந்தைகளுக்கு விசேட ஊசி போடத் தெரிந்தெடுத்த ஒன்பது இடங்களில் கல்முனையும் ஒன்று. நிருவாகத்தில் நாம் அம்பாறை மாவட்டம். சுகாதாரக் கணக்கில் கல்முனை தனிப் பிராந்தியம். தடுப்பூசியில் நம் ஓட்டை தனியாகவே தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் நாம் செய்யும் பெரிய தவறு மிகச் சாதாரணமானது. “இன்டைக்குப் பரீட்சை இருக்கு மகன், எப்படியாவது போயிட்டு வாங்க” என்று காலையில் ஒரு பனடோலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பத்து மணிக்கு மருந்தின் வேகம் இறங்கும். பிள்ளை மேசையில் தலை சாய்க்கும். அதற்குள் தடிமனும் இருமலும் வகுப்பு முழுக்கப் போயிருக்கும். ஒருநாளும் லீவு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும் இதற்குத் துணை. என்னைக் கேட்டால் அந்தப் பரிசை நிறுத்திவிடலாம்.

கொப்பளிப்பான் என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, கூகைக்கட்டு என்றால் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள், சின்னமுத்து என்றால் பரு கண்டபின் நான்கு நாள் பிள்ளை வீட்டில் நிற்கட்டும். விட்ட பாடத்தை நண்பனின் கொப்பியில் பார்த்து எழுதிவிடலாம்.

வகுப்பாசிரியர் தினமும் அடையாளமிடும் வரவு இடாப்பைப் பாடசாலைகள் இன்னும் சரியாகப் படிக்கத் தொடங்கவில்லை. ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் காய்ச்சலென்று நின்றால், நோய் வந்துவிட்டதை அந்தத் தாள் முதலில் சொல்கிறது. ஆஸ்பத்திரி அறிக்கை பின்னால்தான் வரும். 1, 4, 7, 10 ஆம் தர மாணவருக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனை நல்ல ஏற்பாடு; ஆனால் போன கிழமை பரவத் தொடங்கிய காய்ச்சலை அது பிடிக்காது. அதற்கு ஆசிரியர் அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஓர் அழைப்பு எடுக்க வேண்டும்.

அந்தத் தொலைபேசி இலக்கம் அதிபரின் மேசையில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.