வேலியில் பூத்த செங்காந்தள்

ஆனிச் சாரல் இறங்கிவிட்டால் குற்றாலம், மேக்கரை, பண்பொழிப் பக்கம் புதரிலும் வேலியிலும் செங்காந்தள் ஏறிவிடும். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்ளும் கொடி. பூ முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் நெருப்புச் சிவப்பு. நம் மாநில மலர் இதுதான். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று கண்வலிப் பூ என்பார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கு வலித்ததில்லை.

தென்காசி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கன்றுக்குட்டிக்குக் குடல்புழு. வேலியில் உள்ள கலப்பைக் கிழங்கை அரைத்துக் கொடுக்கலாமா? அப்பா காலத்தில் கொடுத்தார்களே?"

கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் கொடுத்தார்கள் என்பது உண்மை. மூட்டுவலிக்குப் பற்றுப் போட்டார்கள், பிரசவம் தாமதமானால் அரைத்து அடிவயிற்றில் பூசினார்கள். கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின்தான் மருந்து, அதுவேதான் நஞ்சு. மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் எழுதித் தரும் கோல்சிசின் மாத்திரை ஒன்றில் இருப்பது வெறும் அரை மில்லிகிராம். ஒரு துண்டுக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அம்மியில் அரைப்பவருக்கு எப்படித் தெரியும்? சித்த மருத்துவர்களே சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார்கள்.

வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போய்விடாது. தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, பேதி வரும். அது நின்றதும் பிழைத்துவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது; இரண்டு மூன்று நாளில் சிறுநீரகமும் இதயமும் கெடலாம். இதற்கு முறிவு மருந்து கைவசம் இல்லை. மீதிக் கிழங்கை எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் இதையே விதைக்காகப் பயிரிடுகிறார்கள். காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், நல்ல ஆள்வேலை. விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அதைக் கேட்டுவிட்டு மலையில் போய்த் தோண்டாதீர்கள், காப்புக்காட்டில் அது குற்றம்.

கன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள். எடைக்கு ஏற்றபடி புழுநீக்க மருந்து ஊற்றுவார்கள். வேலிக்கொடி அங்கேயே இருக்கட்டும்; ஆடு மேயாமலும் பிள்ளைகள் கிழங்கைத் தோண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.