ஜி.எம். முகம் ஏன் சிவந்தது?

முகம் சிவந்தால் நமக்குத் தெரிந்தவை இரண்டே காரணங்கள்: கோபம், வெட்கம். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் ஒரு ஹோட்டல். உதிரிபாகம் செய்து கொடுக்கும் நம்மூர்க் கம்பெனி, கொரிய ஜி.எம்.முக்கு விருந்து வைக்கிறது. சோஜு என்ற கொரிய மது அரைக் கோப்பை உள்ளே போவதற்குள் அவர் கழுத்திலிருந்து காது மடல்வரை செக்கச் சிவந்துவிடுகிறது. எதிரே இருக்கும் இளம் இன்ஜினியருக்கு வயிற்றைக் கலக்குகிறது. விலையைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா?

ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நொதி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பின்னாலேயே கொரியாவின் உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, ஸ்ரீபெரும்புதூருக்கு சாம்சங் வந்தது, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. சாலையோரம் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் முளைத்தன. இப்படி ஒரு விருந்தில் உட்கார வேண்டிய நிலை இன்று பல நூறு தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவருக்கு இருக்கிறது. போவதற்கு முன் பாடம் எடுப்பார்கள்: பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை நீ தொடாதே, கோப்பையை இரு கையால் வாங்கு, பெரியவர் எதிரில் குடிக்க நேர்ந்தால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள், உன் கோப்பையில் நீயே ஊற்றிக்கொள்ளாதே. முகம் சிவப்பதைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை.

மது உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை இரண்டு படிகளில் உடைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு ஆகிறது. இது நஞ்சு. இரண்டாம் படியில் ஏஎல்டிஹெச்2 என்ற நொதி அந்த நஞ்சைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. சுமார் 500 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இந்த நொதி. கிழக்கு ஆசியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு மணி மாறியிருக்கிறது: குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின். போதாததற்கு இந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒரு துண்டு பழுதானாலும் மற்ற மூன்றும் தடுமாறும். எனவே தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றம் வந்திருந்தாலே போதும். நஞ்சு தேங்கும், ரத்தக் குழாய்கள் விரியும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். தமிழர்களிடம் இந்த மாற்றம் மிக அரிது. நாம் பார்த்து மிரள்வது அதனால்தான்.

இதே சிவப்பை மாத்திரையாலும் உண்டாக்கலாம். அதன் கதை இந்தச் சாலைக்குப் பொருத்தமானது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைக்கும் வேலையை விரைவுபடுத்த தையூரம் என்ற ரசாயனக் குடும்பத்தைப் பயன்படுத்துவார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த முடுக்கிகளைத் தெரிந்திருக்கும். 1937-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், ரப்பர் ஆலையில் தையூரத்தோடு புழங்கிய தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளவே இல்லை என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டு கழித்து டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர், அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிராமைக் குடல்புழு மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏஎல்டிஹெச்2 நொதியை அந்த மருந்து பூட்டிவிட்டிருந்தது. 1948-இல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். இன்றும் குடியை விட நினைப்பவர்களுக்கு மருத்துவர்கள் தரும் மருந்துகளில் அது ஒன்று. அதாவது, நம் ஜி.எம். அந்த மாத்திரையைப் பிறவியிலேயே போட்டுக்கொண்டு வந்தவர்.

இங்கேதான் இரண்டு ஊர் மரியாதைகள் சேர்ந்து ஒருவரைக் கவிழ்க்கின்றன. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் முறை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் ஊற்றியே ஆக வேண்டும். "போதும்" என்று சொன்னால் நம்பக் கூடாது, இன்னொரு கரண்டி வைக்க வேண்டும் என்பது நம் உபசாரம். ஊற்றக் கடமைப்பட்ட கையும், வற்புறுத்தப் பழகிய வாயும் ஒரே மேசையில். நடுவில் பழுதான நொதியோடு உட்கார்ந்திருப்பவர் மறுக்கவும் முடியாமல் குடித்துக்கொண்டிருப்பார். சிவப்பு வெறும் அழகுப் பிரச்சினை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த மாற்றம் உள்ளவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மதுவிலிருந்து வரும் அசிட்டால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

உடல் செய்வதை நடத்தையாகப் படிக்கும் தவறு முகத்தோடு நிற்பதில்லை. ஜப்பானிய விருந்தினர் நூடுல்ஸை 'சர்ர்' என்று உறிஞ்சினால் நமக்கு முகம் சுளிக்கிறது. குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவர்களும் அதே சத்தத்தோடுதான் உறிஞ்சுகிறார்கள். அதை யாரும் அநாகரிகம் என்பதில்லை. சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் மணம் வேகமாக ஏறும், சூடும் தணியும். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சீரக மிட்டாயைக் கடித்துப் பாருங்கள். இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுத்ததும் சீரகம் வந்துவிடும். நாமும் ஒன்று செய்கிறோம். கிம்ச்சியின் காரத்தில் மூக்கு ஒழுக, கைக்குட்டையை எடுத்து மேசையிலேயே பலமாகச் சிந்துகிறோம். கொரியர்களுக்கு நூடுல்ஸ் சத்தத்தைவிட அதுதான் அருவருப்பு. எழுந்து வெளியே போய்ச் சிந்திவிட்டு வருவது நல்லது.

கோப்பைக்கு வருவோம். கொரிய மேசையில் காலிக் கோப்பைதான் "ஊற்று" என்று கேட்கும். நிறைந்திருக்கும் கோப்பையில் யாரும் ஊற்றுவதில்லை. ஆகவே குடிக்காதவர் முதல் கோப்பையை இரு கையால் வாங்கி, உதட்டில் தொட்டு, அப்படியே வைத்துவிடலாம். எதிரே ஒரு முகம் சிவக்கத் தொடங்கினால் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, சாப்பாட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இறைச்சி முடிந்து கடைசியில்தான் அவர்களுக்குச் சோறோ குளிர்ந்த நூடுல்ஸோ வரும், நமக்குத் தயிர்சாதம் வருவதுபோல. அது வந்துவிட்டால் விருந்து முடிகிறது என்று எல்லோருக்கும் புரியும். அதன் பிறகும் "இ-சா", அதாவது அடுத்த கடையில் இரண்டாவது சுற்று, என்று யாராவது கிளம்பினால், காலை ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.