விசாவுக்கு முன்னால் ஒரு கைத்தொழில்

கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் பையன் பள்ளிப் படிப்பை முடித்ததும் வீட்டார் தேடுவது விசாவைத்தான். தொழிலைப் போன இடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பொய்க்கவில்லை. அன்று சவூதியின் கருவூலம் எண்ணெயால் நிறைந்திருந்தது. சொந்த மக்களுக்கு அரசுப் பணியைக் கொடுத்துவிட்டு, கடைக்கும் பட்டறைக்கும் வெளிநாட்டாரை அழைத்துக்கொண்டார்கள்.

மக்கள்தொகை பெருகி, படித்த இளைஞர் வேலையின்றி நின்றபோது அந்தக் கணக்கு மாறிற்று. 2011 இல் வந்த ‘நிதாகத்’ திட்டம், சொந்த நாட்டாருக்கு எவ்வளவு வேலை கொடுத்துள்ளன என்று பார்த்து நிறுவனங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் பிரித்தது. சிவப்பில் விழுந்த நிறுவனத்தின் வெளிநாட்டுப் பணியாளருக்கு வேலை அனுமதியைப் புதுப்பிக்க வழியில்லை. 2014 இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 2017 முதல், உடன் வசிக்கும் மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்ட நேர்ந்தது. 2020 இல் அது 400 ஆயிற்று. எத்தனை குடும்பங்கள் ஊர் திரும்பின என்பதை நம் தெருக்களே சொல்லும்.

செல்பேசிக் கடைகளின் கதையையும் கேளுங்கள். விற்பனையும் பழுதுபார்ப்பும் 2016 செப்டம்பருக்குள் முழுவதும் சவூதி நாட்டார் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவ்வாண்டு மார்ச்சில் ஆணை பிறந்தது. வெறும் தடையோடு நிற்கவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசே பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தது. தடையைவிட இந்தப் பயிற்சியே நாம் கவனிக்க வேண்டியது என்பேன்.

இப்போது சோதனை நம் வாசலுக்கே வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் போன்ற வேலைகளுக்குச் சவூதி செல்வோர், இந்தியாவிலேயே எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். ஏஜெண்டின் வாய்மொழி அங்கே செல்லாது. (நகையை அடகு வைத்து விசா வாங்கும் தாய்மார்கள் இதை அறிவார்களா?)

இரும்பால் கவசம் செய்து, தம் கையுழைப்பில் உண்டவர் நபி தாவூத் (அலை) அவர்கள். நம்மிலோ ஐ.டி.ஐ. என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு! தமிழக அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. எட்டாம் வகுப்புத் தேறியவர் வெல்டர் பிரிவில் சேரலாம், ஓராண்டுப் பயிற்சி. எலக்ட்ரீஷியனுக்கும் ஏ.சி. மெக்கானிக்குக்கும் பத்தாம் வகுப்பும் இரண்டாண்டும் வேண்டும். பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடையில் விண்ணப்பங்கள் பெறப்படுகின்றன.