பிள்ளை அடங்கவில்லையா? ரத்தத்தில் ஈயம் இருக்கலாம்!

"இது ஒரு இடத்துல குந்தாது. சொன்ன பேச்சு கேக்காது. இன்னா வளத்து வச்சிருக்கியோ!"

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பால்வாடி வாசலில் தாய்மார்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பேச்சு இது. வீட்டுக்குப் போனால் மாமியாரும் இதையேதான் சொல்வார். பழி முழுவதும் பெற்றவள் தலையில்.

அந்தப் பழியில் ஒரு பங்கு ஈயத்துக்குச் சேர வேண்டும் என்று காட்டியது ஓர் ஆராய்ச்சி. எங்கோ சீமையில் நடந்தது அல்ல. நம் சென்னையில் நடந்தது.

756 குழந்தைகள்

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதைச் செய்தார்கள். கட்டுரையில் முதல் பெயர் அனன்யா ராய். கல்பனா பாலகிருஷ்ணனும் அந்தக் குழுவில் ஒருவர். 2009-ம் ஆண்டு வெளியானது.

சென்னைப் பள்ளிகளில் 3 வயது முதல் 7 வயது வரை உள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வகுப்பு டீச்சர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். பிள்ளை கவனமாக இருக்கிறதா? காரணம் இல்லாமல் பயப்படுகிறதா? மற்ற பிள்ளைகளோடு சேர்கிறதா? இப்படிப் பல கேள்விகள்.

100 மில்லி ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஈயம் கூடக் கூட பதற்றம், பழகுவதில் தொல்லை, கவனச் சிதறல் ஆகியவற்றிலும் மார்க் கூடியது. (இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் சந்தோஷப்பட முடியாது!)

பெற்றோரின் படிப்பு, வீட்டு வருமானம், பிள்ளையின் ரத்தசோகை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. ஆகவே, "வளர்ப்பு சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அதற்காக, துருதுரு என்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் ஈய விஷம் என்று பயந்துவிடவும் கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்கலாம். ரத்தத்தில் ஈயம் பார்க்கத் தனிப் பரிசோதனை உண்டு.

11.4 என்பது அதிகமா? அமெரிக்காவில் 1991-ல் 10-ஐ எல்லையாக வைத்தார்கள். 2012-ல் அது 5 ஆனது. 2021-ல் 3.5 ஆனது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்பா சட்டையில் வரும் தூசு

ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 2000-ம் ஆண்டில் அது நாடு முழுவதும் நின்றது. 756 குழந்தைகளிடம் ரத்தம் எடுத்தது அதற்குப் பிறகுதான். பெட்ரோலில் நின்றும் பிள்ளைகள் உடம்பில் நிற்கவில்லை. ஈயம் மக்காது. மண்ணிலும் தூசியிலும் அப்படியே கிடக்கும். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் எழும்பி வீட்டுக்குள் வரும்.

பழைய பேட்டரி உடைக்கும் இடம், டிங்கரிங் பட்டறை, கப்பலில் பழைய பெயிண்ட் சுரண்டும் வேலை இவற்றிலும் ஈயத் தூசி உண்டு. வேலை முடிந்து வரும் அப்பாவை ஓடி வந்து கட்டிக்கொள்வது பிள்ளையின் வழக்கம். சட்டையில் இருப்பது அப்போது பிள்ளையின் கையில் ஏறும். கை வாய்க்குப் போகும். வாசலிலேயே சட்டையை மாற்றிக் கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் பாதி தொல்லை தீரும். அந்தச் சட்டையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

மீனவர் வீடுகளில் வலையில் கட்டும் ஈயக்குண்டு இருக்கும். பிள்ளைக்கு அது கோலிக்குண்டு மாதிரி! வாயில் போட்டால் வம்பு. வீட்டு அடுப்பில் ஈயத்தை உருக்குவது அதைவிட மோசம்.

வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து உடம்பு ஏமாறுகிறது. இரும்புச் சத்து குறைந்த பிள்ளை இன்னும் அதிகமாக இழுக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் இங்கே மருந்து மாதிரி. காசிமேட்டில் நெத்திலிக்கா பஞ்சம்?

மஞ்சளிலும் கலப்படம்

தெற்காசியாவின் 23 நகரங்களில் மஞ்சளை வாங்கிச் சோதித்த ஆராய்ச்சி 2024-ல் வெளியானது. பளிச்சென்று தெரிய ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசுகிறார்களா என்று பார்த்தார்கள். அளவுக்கு மீறி ஈயம் இருந்த நகரங்களின் வரிசையில் சென்னையும் இருந்தது.

பாட்டியின் ஈயச்சொம்பு ரசம் என்ன ஆவது? நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. விஷம் காரீயம். விலை குறைவென்று காரீயம் கலந்த சொம்பை வாங்கினால்தான் ஆபத்து. வீட்டில் விளக்குக் கரியில் செய்யும் கண்மையில் ஈயம் இல்லை. சில சுர்மாவில் உண்டு.

பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயிண்ட் பழைய வீட்டு ஜன்னல் கம்பிகளில் இன்னும் செதில் செதிலாக உரிகிறது. பிள்ளை ஏறி நின்று தெருவை வேடிக்கை பார்ப்பதும், பல் முளைக்கும்போது வாய் வைப்பதும் அந்தக் கம்பியில்தான். அதை உப்புத்தாளால் காயக் காயத் தேய்த்தால் தூசி வீடெல்லாம் பரவும். தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.