ஆலங்கட்டிக்கு முன்னால் ஓடிவரும் காற்று

அன்னூர், சிறுமுகைப் பக்கம் வாழை போட்டவர்களுக்குச் சித்திரையில் மழை வேண்டும். கூடவே வரும் காற்று வேண்டாம். இரண்டும் ஒரே மேகத்தின் சரக்கு என்பதால் பிரித்துக் கேட்க வழியில்லை.

வெயிலில் சுட்ட நிலத்திலிருந்து ஈரக்காற்று மேலேறி, பிற்பகலில் 12 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும் இடிமேகமாகிறது. நம் ஊர்க் கோடையில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலை தொடங்குகிறது. அதற்கு மேலே போன நீர்த்துளிகள் உடனே உறைவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி குளிரிலும் நீராகவே மிதக்கும். பனித்துகள் ஒன்றில் பட்டதும் ஒட்டி உறையும். மேலேறும் காற்று தாங்கும்வரை அந்தத் துகள் பருக்கும். விழுந்த கட்டியைக் குறுக்கே வெட்டினால் சின்ன வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். சட்டென உறைந்த அடுக்கில் காற்றுக்குமிழ் சிக்கி வெள்ளையாகும். நிதானமாக உறைந்தது கண்ணாடியாகத் தெளியும்.

இறங்கும் வழியெல்லாம் அனல். சிறு கட்டிகள் கரைந்து பெருந்துளிகளாகிவிடும். பெரியவை தகரக் கூரையில் தடதடக்கும். 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்து முராதாபாத்தில் ஆலங்கட்டி 246 பேரைக் கொன்றது. நம் பக்கம் அவ்வளவு கொடூரம் இல்லை. ஆனால் கரைகிற கட்டியும் ஆவியாகிற மழையும் சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. குளிர்ந்த காற்று கனத்து இறங்கி, தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் திடீரென்று சில்லென அடிக்கிறதே, அதுதான் தோட்டத்தைச் சாய்க்கிறது. வாழைமரம் என்பது சுருண்ட இலைமட்டைகள். வேரும் ஆழம் போகாது. உச்சியில் பத்துப் பன்னிரண்டு கிலோ தார் வேறு.

வானிலைத் துறையின் 3 மணி நேர முன்னறிவிப்பும் மின்னலுக்கான தாமினி செயலியும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆடுமாடுகளைக் கட்டுத்தறிக்குள் ஓட்ட, மோட்டாரை நிறுத்த, மரத்தடியை விட்டு வீட்டுக்குள் வர அந்த நேரம் போதும். ஆயிரம் வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போதாது. பூ தள்ளியதுமே, தார் சாயும் பக்கம் சவுக்குக் கழியோ மூங்கிலோ ஊன்றிக் கழுத்தில் கட்டிவிட வேண்டும். கழிச் செலவு கட்டுபடியாகாதவர்கள் நைலான் கயிற்றால் மரத்தை மரத்தோடு இழுத்துக் கட்டுகிறார்கள். ஒன்று சாய்ந்தால் பக்கத்ததையும் இழுக்கும் என்றாலும் சும்மா விடுவதற்கு அது மேல். அடியில் மண் அணைத்து, காய்ந்த இலைகளைக் கழித்துவிடலாம். காற்று வருமென்று தெரிந்த நாளில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. ஊறிய மண் வேரைப் பிடிக்காது. முக்கால்வாசி முற்றிய தாரை வெட்டிவிடலாம்.

அப்படியும் முறிந்த மரத்தை அடியோடு வெட்டி, நல்ல பக்கக்கன்று ஒன்றை விட்டால் மறுதாம்பு வரும். வெட்டுவதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் சொல்லிவிடுங்கள்.